எண்பத்தாறாயிரம் பேர் பார்த்த அப்பா

ஒரே ஒரு ஊரிலே ஓர் அப்பா இருந்தாராம். ஏழு மலையும் ஏழு கடலும் வேண்டாம், இங்கிருந்து மூன்று பஸ் மாறினால் வந்துவிடுகிற ஊர்தான். அந்த அப்பாவுக்கு ஒரு மனைவியாம், ஒரே ஒரு பையனாம்.

நீங்கள் நடுநடுவே 'ம்' கொட்ட வேண்டும் அண்ணா. எங்கள் தாத்தா கதை சொன்னால் அப்படித்தான் கேட்பார். 'ம்' நின்றால் கதைக்குள் இருப்பவர்கள் எல்லாரும் நடந்தபடிக்கே நின்றுவிடுவார்களாம். சேவலை இந்தப் பக்கம் நிழலுக்கு நகர்த்திக்கொள்ளுங்கள், வாயைப் பிளக்கிறது பாருங்கள். பழனி வண்டி வர நேரமிருக்கிறது. அஞ்சு ஞாயிற்றுக்கிழமையாக இந்தப் பிரிவு ரோட்டு பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன், எல்லா வண்டியும் எனக்குத் தெரியும்.

அந்தப் பையன் நான்தான். லோகநாதன். திருச்செங்கோட்டில் ஒரு செருப்புக்கடையில் வேலை. சத்தமாகப் பேச வராது எனக்கு. "லோகு, நீ பேசறது கால்ல இருக்கற செருப்புக்குக் கூடக் கேக்காதுடா" என்பார் முதலாளி. ஆனால் வருகிறவர்களுக்கு என்னைப் பிடிக்கும். எட்டாம் நம்பர் காலைக் கொண்டுவந்து ஏழு கேட்டாலும் நான் ஏழைத்தான் எடுத்து மாட்டுவேன். கடிக்கிறது என்று அவர்கள் வாயாலேயே வரும்வரை காத்திருப்பேன். ஒருத்தரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. பழக்கமும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பேர் அர்த்தநாரி. போர்வெல் வண்டி டிரைவர். எங்கள் ஊர் வண்டி போகாத மாநிலம் ஏது. நாக்பூர், ராய்ப்பூர், ஜான்சி என்று முப்பது வருசம் யாரிடமும் வழி கேட்காமல் போய்வந்தவர். இரண்டு வருசமாக ஞாபகம் பிசகிக்கொண்டே வந்தது. ஜான்சிக்குப் போகிற வழியில் எந்த ஆற்றுப் பாலம் குறுகல் என்று சொல்வார். வீட்டுக்குள் குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்பார். ஈரோட்டில் டாக்டரிடம் காட்டினோம். "அவரை எதிர்த்துப் பேசாதீங்க. அவர் போக்குலயே போங்க" என்றார். எனக்கு அது சிரமமே இல்லை.

தை மாதத்தில் எங்கள் தெரு வழியாகத்தான் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போகும். ஒரு நாள் காலை, காவடிக்காரர்கள் போய்க்கொண்டிருந்த நேரம், அப்பா வெளியே போனார். போனவர் வரவில்லை.

தேடாமல் இல்லை அண்ணா. பெரியப்பா செங்கோடன், அப்பாவுக்கு மூத்தவர், மொபட்டை எடுத்துக்கொண்டு பள்ளிபாளையம் வரைக்கும் ரோட்டோரம் ரோட்டோரமாகப் போய்ப் பார்த்தார். ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டு, தகவல் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். நான்காம் நாள் பூபதியிடம் போனேன்.

பூபதி என்னோடு பத்தாவது வரை படித்தவன். பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கைதான். கூடவே பேஸ்புக்கில் விளம்பரம் ஏற்றியும் தருவான். ஜவுளிக்கடை, பிரியாணிக்கடைக்கெல்லாம் அவன்தான் ஏற்றுகிறான்.

"நோட்டீஸ் அடிச்சு ஒட்டுனா மாடுதான் திங்கும் மாப்ள. போன்ல விடு. பணத்தைக் கட்டிட்டா நாம சொல்ற ஊர்ல, நாம சொல்ற வயசுல ஒருத்தன் தப்ப மாட்டான். பழனி வரைக்கும் வளைச்சுப் போட்டுடலாம்."

அப்பாவுக்கென்று தனியாகப் படம் கிடையாது. ஒரு காதுகுத்தில் எடுத்தது இருந்தது. பின்னால் ஒருத்தர் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருப்பார். பூபதி அவரை வெட்டி எடுத்தான், பின்னால் தொங்கிய திரையை வெட்டி எடுத்தான். அப்பா மட்டும் மிச்சம். "பின்னாடி என்னமோ வேணுமே" என்று சொல்லிக்கொண்டே, கம்ப்யூட்டரில் எது திறந்திருந்ததோ அதை இழுத்து வைத்தான். நீலத்தில் வெள்ளை மேகம். தலைக்குப் பின்னால் லேசாக வெளிச்சம். ஓரம் நெடுக மல்லிகைச் சரம் மாதிரி ஒரு கோடு. "எப்படிச் சுத்தமா இருக்குது பாரு" என்றான். பொய் இல்லை அண்ணா, அப்பா முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

காணவில்லை என்பதைப் பெரிசாகப் போடலாமே என்று கேட்டேன். கேட்டேனா, கேட்க நினைத்தேனா, இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. "படத்துல எழுத்து ஜாஸ்தியா இருந்தா விளம்பரத்தை ஏத்துக்க மாட்டாங்க" என்றான் அவன். பேரை மட்டும் பெரிசாகப் போட்டான். காணவில்லை என்பதும் என் போன் நம்பரும் அடியில், மேகத்துக்குள், பொடியாக.

பணம் கட்டுகிற விதத்தையும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். ஒரு நாளைக்கு இருநூறு. ஜிபேயில் போட வேண்டும். தீர்ந்துவிட்டால் விளம்பரம் நின்றுவிடும், திரும்பப் போட்டால்தான் நகரும். நான் தினமும் குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று ரகசிய எண்ணை அழுத்துவேன். டிங் என்று சத்தம் வரும், பச்சையில் டிக் விழும். அன்றைக்கு அப்பாவைத் தேடுகிற வேலை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவேன்.

அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அம்மா பேர் பாவாயி. அப்பா வெளிமாநிலத்தில் இருக்கும்போது முதலாளி அவருக்குத் தினப்படியை, டிரைவர்கள் பேட்டா என்பார்கள், போனில்தான் போட்டுவிடுவார். அதே டிங் சத்தத்தை அம்மா கேட்டிருக்கிறாள். நான் காலையில் போட்டதும் சமையலறையிலிருந்து கேட்பாள்.

"அப்பனுக்குப் பேட்டா போட்டுட்டியா கண்ணு?"

முதல் நாள் திகைத்துவிட்டேன். பிறகு, "போட்டேம்மா" என்றேன்.

"எவ்வளவு?"

"எரநூறுங்கம்மா."

"இப்ப விக்கற விலைக்கு எரநூறு பத்துமா? அந்த மனுசனுக்கு நாளைக்கு ஆறு டீ வேணும். ஒரு அம்பது சேத்திப் போடு சாமி."

சேர்த்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள். இதைப் போய் எப்படித் திருத்துவது, சொல்லுங்கள்.

'ம்' நின்றுவிட்டதே அண்ணா.

விளம்பரம் ஏற்றிய மறுநாள் காலை பார்த்தேன். முந்நூற்று நாற்பது பேர். முதல் ஆள் எழுதியிருந்தார், ஆழ்ந்த இரங்கல். அடுத்தவர் கும்பிடுகிற கை மூன்று வைத்திருந்தார். ஓம் சாந்தி. ஐயா ஆன்மா இளைப்பாறட்டும். ஒருத்தர் எழுதினார்: 'நல்ல மனுசன். பத்து வருசத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் போர் போட வந்தார். முந்நூறு அடியில் தண்ணி.' அதைப் படித்ததும் எனக்குச் சந்தோசமாகிவிட்டது அண்ணா. அப்பாவை நல்ல மனுசன் என்று எழுத்தில் ஒருத்தர் சொல்லி நான் பார்த்ததில்லை. நன்றி என்று பதில் போட்டேன்.

பூபதிதான் சொல்லியிருந்தான், வருகிறவர்களுக்கெல்லாம் பதில் போடு, போட்டால் இன்னும் நிறையப் பேருக்குக் காட்டும் என்று. அதனால் எல்லாருக்கும் போட்டேன். நன்றி, நன்றி ஐயா, நன்றி அக்கா. கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் அதே வேலை. எண்ணிக்கை ஏறியது. இரண்டாயிரம். ஆறாயிரம்.

எனக்கும் தெரியாமலில்லை. மூன்றாம் நாளே பூபதியிடம் போய், "செத்துட்டாருன்னு நெனைக்கறாங்க போலிருக்குது" என்றேன்.

சிரித்தான். பிறகு படத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "ஆமா மாப்ள, கொஞ்சம் அப்படித்தான் தெரியுது. மாத்தலாம். ஆனா மாத்துனா முதல்ல இருந்து ஓடணும். இப்ப நல்லா ஓடிட்டிருக்கற குதிரை. அடியில காணவில்லைன்னு இருக்குதுல்ல? படிக்கறவன் படிப்பான்."

சரி என்றேன். அவன் சொன்னதும் நியாயம்தானே. அடியில் எழுதித்தான் இருந்தது. நான் யாருக்கும் பொய் சொல்லவில்லை. மேலே பார்த்துவிட்டு அடியைப் படிக்காமல் போனால் அதற்கு யார் என்ன செய்வது.

ஒன்பதாம் நாள் பெருந்துறை அத்தை வந்துவிட்டார். அப்பாவின் தங்கை. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே தலைமுடி அவிழ்ந்திருந்தது. "எண்ணா, எனக்குச் சொல்லாமயே போயிட்டியா" என்று வாசலில் விழுந்தார். அம்மா கரண்டியோடு வெளியே வந்து நிற்கிறாள்.

"ஏனுங்க நங்கை, எதுக்கு அழுவறீங்க? இன்னைக்குக் காலைல கூடப் பையன் பேட்டா போட்டானே" என்றாள் அம்மா.

அத்தை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "அய்யோ, இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே" என்று இன்னும் சத்தமாக அழுதார்.

நான் சொன்னேன் அண்ணா. அப்படிப் பார்க்காதீர்கள், சொன்னேன். "இல்லைங்க அத்தை" என்று இரண்டு தடவை சொன்னேன். அழுகைச் சத்தத்தில் கேட்கவில்லை. பெரியவர்கள் அழும்போது மூன்றாம் தடவையும் குறுக்கே பேசுவது மரியாதை இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். நாற்காலி பத்தவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கி வந்து போட்டேன். பெரியப்பா வந்து, "எந்தம்பி சாகலீங்க, காணோமுங்க" என்று ஒவ்வொருத்தரிடமும் கத்திக் கத்திச் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, வெளியே போய், "எத்தனை நாளைக்குத்தான் மறைப்பாங்க" என்று பேசிக்கொண்டார்களாம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பெரியப்பா மகளுக்கு, எனக்கு அக்கா, வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். "பங்காளி வீட்டுல எழவு விழுந்திருக்குது. கருமாதி எப்போ, தீட்டு எப்போ கழியுது, ஒண்ணும் சொல்லாம இருந்தா எப்படிங்க?" பெரியப்பா, எழவே இல்லை என்கிறார். அவர்கள் சொன்னார்களாம்: "ஏனுங்க, உங்க தம்பி மகனே எல்லாருக்கும் நன்றி போட்டிருக்கறானே."

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. போனை வாங்கி எல்லா நன்றியையும் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கறயேடா அப்புனு" என்றார். அவ்வளவுதான்.

இனிமேல்தான் இந்தப் பிரிவு வருகிறது. அதோ, எதிரில் பச்சைத் தார்பாய் போட்ட இட்லிக்கடை தெரிகிறதே, இன்றைக்குப் பூட்டியிருக்கிறது, அது மயிலாத்தா அக்காவுடையது. தைப்பூசத்துக்கு அந்த இடத்தில்தான் அன்னதானப் பந்தல் போடுவார்கள். அக்கா பரிமாறுகிறவர். மாசி கடைசியில் ஒரு நாள் அவர் எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இது செத்தவர் படமுங்களா, தொலைஞ்சவர் படமுங்களா?"

ஒரு மாசத்துக்கு மேலாகத் தினமும் அவர் போனில் அப்பா வந்திருக்கிறார். முப்பதாம் நாள் சாமி கும்பிட்டிருப்பார்களே, இன்னும் எதற்குக் காட்டுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம் வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் படித்திருக்கிறார்.

மறுநாளே ஓடிவந்தேன். இதே இடத்தில் உட்காரவைத்துத்தான் சொன்னார். பாதி சொல்வதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"பூசத்துக்கு ரெண்டு நாள் இருக்கும் தம்பி. காவடிக் கூட்டத்தோட ஒரு பெரியவர் வந்து உக்காந்தாரு. கால்ல செருப்பில்ல. சாம்பார் சாதம் வெச்சேன். அப்பத்தான் எம்மக போனை நீட்டுது, 'அம்மா, இந்தத் தாத்தா மாதிரியே ஒருத்தர் செத்துட்டாரு பாரு'ன்னு. எனக்குச் சிரிப்பு. போனைக் கொண்டுபோய் அவருகிட்டயே காட்டுனேன். 'ஏனுங்க பெரியவரே, உங்கள உரிச்சு வெச்ச மாதிரி ஒருத்தர், பாருங்க'ன்னு. கையைக் கழுவிட்டு, வேட்டியில தொடைச்சுட்டு வாங்கிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு தம்பி. 'டிரைவராட்டந் தெரியுது'ன்னாரு."

"வேறென்ன சொன்னாருங்க அக்கா?"

"'எப்பச் செத்தாராமா?'ன்னு கேட்டாரு. தெரியலீங்கன்னேன். தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துட்டுக் கும்பிட்டாரு. 'பாவம், வீட்டுல ஆராச்சும் இருப்பாங்க'ன்னாரு."

பிறகு என்ன கேட்டேன் தெரியுமா? "சாம்பார் சாதம் ரெண்டாந்தடவை வாங்கினாருங்களா?" என்று கேட்டேன். வாங்கினாராம்.

அப்புறம் எழுந்து, நாக்பூர் ரோடு எது என்று கேட்டிருக்கிறார். யாரோ சிரித்திருக்கிறார்கள். வடக்கே போகிற தேங்காய் லோடு லாரி ஒன்று டீக்கு நின்றிருக்கிறது. அந்த டிரைவரிடம் இந்தியில் என்னவோ பேசியிருக்கிறார். அவன் சந்தோசமாகி, கதவைத் திறந்து விட்டானாம். வண்டி நம்பரை யார் பார்த்தது? பார்க்க என்ன அவசியம்? செத்தவர் அவர் இல்லையே. "செத்தவர்தான் செத்துட்டாரே, இவரு வேற ஆளுன்னு நெனைச்சுப்போட்டேன் தம்பி" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "கும்புடற நேரத்துல ஒரு விரல் கீழ தள்ளிப் படிச்சிருந்தா, கையைப் புடிச்சு உக்கார வெச்சிருப்பனே."

"பரவாயில்லைங்க அக்கா" என்றேன்.

ஒன்று கவனித்தீர்களா அண்ணா? விளம்பரம் வேலை செய்திருக்கிறது. எத்தனை லட்சம் பேர் இருக்கிற இடத்தில், யாரைத் தேடுகிறோமோ அவர் கைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பூபதியிடம் சொன்னேன். அவன்தான் ஏனோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். "நாளைக்கே படத்தை மாத்திடறேன் மாப்ள, காசு வேண்டாம்" என்றான். இந்தியா முழுக்கவும் போடலாம்தான், ஆனால் இருநூற்றைம்பது ரூபாயை இந்தியா முழுக்கப் பரப்பினால் கடலில் பெருங்காயம் கரைத்த மாதிரி என்றான். நாக்பூரில் தமிழ் படிக்கிறவர்களும் இல்லை. படத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். அந்த மேகத்தைப் பார்த்தால் எந்த ஊர்க்காரனும் கும்பிடத்தான் செய்வான்.

மாற்றவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மாற்றினால் அந்த ஆயிரத்து நானூறு பேர் எழுதியதும் போய்விடும் என்றான். முந்நூறு அடியில் தண்ணி என்று எழுதினவர் போய்விடுவார். மதிய வேளையில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதைத்தான் படிப்பேன். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு, அப்பாவைப் பற்றிப் பேச? இன்றைக்குக் காலையில் வரைக்கும் எண்பத்தாறாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். பாருங்கள், இதோ. எண்பத்தாறாயிரத்துச் சொச்சம்.

அக்காவிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அம்மாவிடமும் சொல்லவில்லை. நீங்கள் யாரோ, நான் யாரோ, அதனால் சொல்கிறேன். அன்றைக்குக் காலை அப்பா வெளியே போனபோது நான் வாசலில்தான் இருந்தேன். பல் விளக்கிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, மெயின் ரோட்டுக்கு எப்படிப் போறதுங்க?" என்று கேட்டார். என்னைத் தெரியவில்லை அவருக்கு. எவ்வளவு மரியாதையாகக் கேட்டார் தெரியுமா. எதிர்த்துப் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "நேராப் போயி எடது கைப்பக்கம் திரும்புங்க" என்றேன். "ரொம்ப நன்றிங்க" என்றார். தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுவார், எப்போதும் அப்படித்தானே என்று வாயைக் கொப்பளிக்கப் போனேன்.

சரியான வழியைத்தான் சொன்னேன் அண்ணா.

போகட்டும். இப்போது விசயம் என்னவென்றால், வருகிற வியாழக்கிழமை பங்குனி அமாவாசை. அன்றைக்கு ஓர் உருவம் செய்து வைத்துக் காரியம் செய்துவிடலாம் என்று பங்காளிகள் கூடிப் பேசிவிட்டார்கள். பெரியப்பா கெட்டவர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். "அப்புனு, எந்தம்பி செத்துட்டான்னு நான் சொல்லல. ஊரு சொல்லுது. ஊரு சொன்னதுக்கு ஒரு சாங்கியத்தைப் பண்ணிப்போடலாம். பண்ணுனாத்தான் அந்தப் புள்ளை கழுத்துல தாலி ஏறும். ஆனா நீ மகன். நீ உக்காந்தாத்தான் காரியம். உனக்கு மனசில்லைன்னா வேண்டாம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுட்டு, ஒரு வருசம் ஆனாலும் உன்கூட நானும் தேடறேன்."

ஒரே ஒரு வார்த்தை. பூபதி காரியத்துக்கான கார்டைத் தயார் செய்து வைத்துவிட்டான், படத்தில் ஒரு வரியைத்தான் மாற்ற வேண்டியிருந்ததாம். இன்றைக்கு மதியம் அச்சுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் பெரியப்பா எனக்குப் போன் செய்து கேட்பார். காரியம் செய்துவிட்டால் அப்புறம் என்னவென்று சொல்லி விளம்பரம் போடுவது? ஸ்டேஷனில் யார் தேடுவார்கள்? நாக்பூரிலிருந்து நாளைக்கே ஒரு போன் வந்தாலும், காரியம் முடிந்த ஆளை வீட்டுக்குள் விட மாட்டார்கள் என்கிறார் அத்தை. அம்மா காலையில் கேட்பாளே, பேட்டா போட்டாயா என்று, அதற்கு நான் என்ன சொல்ல?

அதனால் வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். முடிவு செய்துவிட்டேன். ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. பஸ்ஸிலும் சொல்லிக்கொண்டேதான் வந்தேன், பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மா இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்கள். உங்களிடமும் ஒரு தடவை சொல்கிறேன், சரியாக இருக்கிறதா பாருங்கள்.

வேண்டாங்க பெரியப்பா.

கேட்டதா? கேட்கவில்லையா? அந்த லாரி போகட்டும்.

வேண்டாங்க பெரியப்பா. எங்கப்பா சாகலீங்க.

சேவலே திரும்பிப் பார்க்கிறது, அப்படியென்றால் கேட்டிருக்கிறது. இதோ போன் அடிக்கிறது, பெரியப்பாதான். இருங்கள் அண்ணா, போய்விடாதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

"சொல்லுங்க பெரியப்பா… இங்க பிரிவுலதானுங்க… சாப்பிட்டேனுங்க… இல்லைங்க, ஒண்ணும் தெரியலீங்க… இட்லிக்கடை அக்கா கடை பூட்டியிருக்குதுங்க… பெரியப்பா, நான் என்ன சொல்ல வர்றேன்னா… ஆமாங்க… ஆமாங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாங்கதான்… நம்ம அக்கா அழுவுதுங்களா? அழுவ வேண்டாம்னு சொல்லுங்க… இல்லைங்க பெரியப்பா, அது வந்து… கேக்கலீங்களா? இங்க வண்டிச் சத்தமுங்க… ஒண்ணுமில்லீங்க… எத்தனை கார்டுங்களா? முந்நூறு போதுமுங்க… சரிங்க… அம்மாகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க பெரியப்பா… சரிங்க… சரிங்க."

பேசினேன் அண்ணா, நீங்களே பார்த்தீர்கள். நான் என்ன சொல்ல வர்றேன்னா என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் பெரியப்பா மகள் அழுகிற சத்தம். அழுகிற இடத்தில் எப்படி…

எழுந்துவிட்டீர்களே? பழனி வண்டிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. இப்போது வருவது உடுமலை வண்டி, உங்களுக்கு ஆகாது. அண்ணா, வெயிலில் எங்கே போகிறீர்கள்? அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தேவா? இங்கேயே உட்காரலாம், நான் வேண்டுமானால் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். இனிமேல் ஒன்றும் சொல்ல மாட்டேன், கதை முடிந்துவிட்டது.

அண்ணா.

கேட்கவில்லை போலிருக்கிறது.

சரிங்க.